பிரிங், டேக்: பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது?

பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் மாலை ஏழு மணிக்கு டீச்சர் ஒரு செய்தி போடுகிறார்: "ஆல் ஸ்டூடண்ட்ஸ் மஸ்ட் பிரிங் கலர் பேப்பர் டுமாரோ." மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அம்மா இதையே ஆங்கிலத்தில் ஞாபகப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். "டோன்ட் ஃபர்கெட் டு டேக் யுவர் கலர் பேப்பர்" என்பதுதான் அங்கே பொருந்தும். அதே பேப்பர், அதே பை, அதே பள்ளிக்கூடம். டீச்சர் சொன்னால் பிரிங், அம்மா சொன்னால் டேக்.

ஏன் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். "பிரிங் என்றால் கொண்டு வா, டேக் என்றால் எடு, அவ்வளவுதான்" என்பது ஒன்று. "ரெண்டும் ஒன்றுதான், வெள்ளைக்காரனே மாற்றி மாற்றித்தான் பேசுகிறான்" என்பது இன்னொன்று. முதல் பதில் பாதி சரி, அந்தப் பாதிதான் நம்மைக் குழியில் தள்ளுகிறது. இரண்டாவது பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

பலருக்கும் தெரியாத செய்தி என்னவென்றால், இந்த இரண்டு வினைகளைப் பொறுத்தவரை தமிழ் பேசுகிறவர்களுக்குப் பெரிய சிரமம் இருக்கவே கூடாது. இதே ஏற்பாடு நம் மொழியிலும் இருக்கிறது, அதுவும் மிகத் தெளிவாக. அதை எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டால் போதும்.

ஒரே பஸ், இரண்டு சொல்

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் புறப்பட்ட பஸ் ஒன்று இப்போது வாடிப்பட்டி அருகே ஓடிக்கொண்டிருக்கிறது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் "மதுரை பஸ் வந்துகொண்டிருக்கிறது" என்பார். மதுரையில் அதைத் தவறவிட்டவர் "திண்டுக்கல் பஸ் போய்விட்டது" என்பார். பஸ் ஒன்று, சாலை ஒன்று, வேகமும் ஒன்று. ஒருவர் வாயில் 'வருகிறது', இன்னொருவர் வாயில் 'போய்விட்டது'.

பஸ்ஸை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், அது வருகிறதா போகிறதா என்று சொல்ல முடியாது. ஓடுகிறது என்று மட்டும்தான் சொல்லலாம். வருவதா போவதா என்பது, பேசுகிறவர் எங்கே காலை ஊன்றி நின்று பேசுகிறார் என்பதைப் பொறுத்தது.

இப்போது அந்த பஸ்ஸில் ஒரு மூட்டை மல்லிகைப்பூவை ஏற்றுங்கள். திண்டுக்கல் பூக்கடைக்காரரைப் பொறுத்தவரை பஸ் பூவைக் கொண்டு வருகிறது. மதுரையில் ஏற்றிவிட்டவரைப் பொறுத்தவரை பஸ் பூவைக் கொண்டு போகிறது. முதலாவது பிரிங், இரண்டாவது டேக். வா, போ என்பவை ஆங்கிலத்தில் கம், கோ என்றால், அவற்றின் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் வருபவைதான் பிரிங்கும் டேக்கும். கம் சுமந்தால் பிரிங், கோ சுமந்தால் டேக்.

சுட்டு என்கிற சங்கதி

சில சொற்களின் பொருள் அகராதியில் முழுமையாக இருக்காது. 'மேசை' என்றால் யார் சொன்னாலும் மேசைதான். ஆனால் 'இங்கே', 'நாளை', 'நான்' போன்ற சொற்கள், யார், எங்கே, எப்போது சொன்னார் என்று தெரிந்த பிறகுதான் முழுப் பொருள் பெறுகின்றன. ஒரு சுவரில் "நாளை வாருங்கள்" என்று எழுதி வைத்திருந்தால் எந்த நாளை என்று யாருக்கும் தெரியாது. இப்படிப் பேச்சு நடக்கும் இடத்தையும் ஆட்களையும் தொட்டுக்கொண்டு நிற்கும் தன்மையைச் சுட்டு என்று சொல்லலாம். அந்த, இந்த என்று பள்ளியில் படித்த சுட்டெழுத்துகளின் குடும்பம்தான் இது. எந்த இடத்தை வைத்துச் சுட்டுகிறோமோ அந்த இடத்தைச் சுட்டு மையம் என்போம்.

வா, போ, கம், கோ, பிரிங், டேக் எல்லாமே சுட்டு வினைகள். பொருள் சுட்டு மையத்தை நோக்கி நகர்ந்தால் பிரிங். மையம் அல்லாத வேறு இடத்துக்கு நகர்ந்தால் டேக்.

டீச்சர் செய்தியை எழுதும்போது அவருடைய மையம் வகுப்பறை. பேப்பர் அங்கேதான் போய்ச் சேர வேண்டும், ஆகவே பிரிங். அம்மாவின் மையம் வீட்டு வாசல். பேப்பர் அங்கிருந்து விலகிப் போகிறது, ஆகவே டேக். சாயங்காலம் பிள்ளை திரும்பியதும் அம்மா "டிட் யூ பிரிங் யுவர் டிபன் பாக்ஸ் பேக்?" என்று கேட்பார். இப்போது டப்பா வீட்டை நோக்கி வர வேண்டியது அல்லவா! காலையில் டேக் ஆன அதே டப்பா மாலையில் பிரிங் ஆகிவிடுகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நகர்வு ஒன்றே, சொல்லைத் தீர்மானிப்பது மையம். பொருளின் எடை, அது என்ன பொருள், யார் தூக்குகிறார், எவ்வளவு தூரம் என்பதற்கெல்லாம் இதில் வேலை இல்லை.

கேட்பவர் இருக்கும் இடமும் மையம்தான்

"பேசுபவரை நோக்கி வந்தால் பிரிங், விலகிப் போனால் டேக்" என்று பல இலக்கணப் புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. இந்த வரி போதாது. நண்பரிடம் போனில் பேசுகிறீர்கள். அவருடைய புத்தகம் உங்களிடம் இருக்கிறது. நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய்க் கொடுக்கப் போகிறீர்கள். புத்தகம் உங்களை விட்டுத்தான் விலகுகிறது. அந்த ஒருவரி விதிப்படி டேக் வர வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் "ஐ வில் பிரிங் த புக் டு யுவர் ஹவுஸ் டுமாரோ" என்பார்கள்.

தமிழில் நாம் என்ன சொல்வோம்? "நாளைக்கு உங்க வீட்டுக்குப் புத்தகத்தைக் கொண்டு வரேன்." கொண்டு போறேன் என்று சொல்ல மாட்டோம். யோசிக்காமலேயே கேட்பவரின் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு பேசுகிறோம். "எங்கேப்பா இருக்கே?" என்று போனில் கேட்டால், இன்னும் துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் நிற்பவர்கூட "இதோ வந்துகிட்டே இருக்கேன்" என்றுதான் சொல்கிறார், போய்க்கிட்டே இருக்கேன் என்று சொல்வதில்லை.

இது எல்லா மொழிக்கும் பொதுவான வழக்கம் அல்ல. ஸ்பானிய மொழியில் வாசலில் யாரோ கூப்பிட்டால் "யா வோய்" என்பார்கள். நேர்ப்பொருள் 'இதோ போகிறேன்'. ஜப்பானியரும் அந்த இடத்தில் "இமா இக்கு", அதாவது 'இப்போ போறேன்' என்பார்கள். அந்த மொழிகளில் வா என்பது பேசுபவரின் பக்கத்துக்கு மட்டுமே சொந்தம். ஆங்கிலம் கற்கும் ஜப்பானியர் இந்த இடத்தில் உண்மையிலேயே தடுமாற வேண்டியிருக்கும். நமக்கு அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணமே இல்லை.

காரணம் இல்லை என்பதை நமக்குத் தொல்காப்பியமே எழுதி வைத்திருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கு வினைகளை எடுத்துக்கொண்டு, எந்த வினை யார் பக்கம் வரும் என்று பிரிக்கிறது. "தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீர் இடத்த" என்பது அதன் விதி. தன்மை என்றால் பேசுபவர், முன்னிலை என்றால் கேட்பவர். வா, தா இரண்டும் இவ்விருவர் பக்கத்துக்கு. அடுத்த சூத்திரம் அதைவிடச் சுருக்கம்: "ஏனை இரண்டும் ஏனை இடத்த." மற்ற இரண்டும், அதாவது செல், கொடு இரண்டும், மூன்றாவது ஆளின் பக்கத்துக்கு. என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், ஆனால் அவனிடம் சென்றான். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், ஆனால் அவனுக்குக் கொடுத்தான்.

கம், கோ பற்றி ஆங்கிலப் பாடப்புத்தகம் ஒன்றில் போடுவதற்கு இதைவிடக் கச்சிதமான விதி கிடைக்காது. கேட்பவரையும் மையத்துக்குள் சேர்த்தது முக்கியம்; அந்த ஒருவரி இலக்கணப் புத்தகங்கள் விட்டுவிட்டது அதைத்தான்.

தா, கொடு பிரிவு இன்றைய தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. "எனக்குக் குடு, அவனுக்கும் குடு" என்று ஒரே சொல்லால் ஓட்டுகிறோம். தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் 'தா' பேச்சில் இருக்கிறது. மலையாளத்தில் தருவதும் கொடுப்பதும் இன்றும் தனித்தனிதான். வா, போ பிரிவோ எந்த ஊர்த் தமிழிலும் அசையவில்லை. பிரிங், டேக் கற்றுக்கொள்ள நமக்கு வேண்டியதும் அது ஒன்றுதான்.

அப்புறம் ஏன் தடுமாறுகிறோம்?

பழியைச் சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்த சொற்பட்டியல் மேல் போட வேண்டும். டேக் என்றால் எடு, பிரிங் என்றால் கொண்டு வா என்று அது சொல்லித் தருகிறது. "டேக் எ பென் ஃப்ரம் த பாக்ஸ்" என்றால் உண்மையிலேயே எடுப்பதுதான். ஆனால் இந்தப் பட்டியலில் 'கொண்டு போ' எங்கே? அதற்கு ஆங்கிலமே இல்லாதது போல் விட்டுவிட்டார்கள். அதற்குரிய சொல்லும் டேக்தான் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

விளைவு இரண்டு வகையில் வெளிவரும். "தண்ணி எடுத்துட்டு வா" என்று நினைப்பவருக்கு 'எடு' என்றதும் டேக் வாயில் வந்து நிற்கும்; 'வா' மிச்சம் இருக்கிறதே என்று "டேக் த வாட்டர் அண்ட் கம்" ஆகிவிடும். இன்னொருவர் காலையில் வீட்டில் நின்றுகொண்டு, ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டு போவதைச் சொல்ல நினைக்கிறார். 'கொண்டு' என்றதும் பிரிங் ஞாபகம் வருகிறது. "ஐ பிரிங் மை லஞ்ச் டு ஆபீஸ் டெய்லி" என்று மனைவியிடம் சொல்கிறார். இதையே ஆபீசில், பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

தமிழ் இந்த வேலையை இரண்டு வினைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. முதல் வினை, பொருள் எப்படிக் கைக்கு வந்தது என்று சொல்லும்: எடுத்து, வாங்கி, தூக்கி, பிடித்து, கூட்டி. இரண்டாவது வினை திசையைச் சொல்லும்: வா அல்லது போ. ஆங்கிலம் முதல் பாதியைக் கண்டுகொள்வதில்லை. சுமப்பதையும் திசையையும் ஒரே சொல்லுக்குள் திணித்து பிரிங், டேக் என்று வைத்திருக்கிறது. நம் பேச்சிலும் அப்படி ஒட்டிப்போன சொல் ஒன்று உண்டு: 'கொண்டா'. "அந்தச் சுத்தியலைக் கொண்டா" என்பதில் இருக்கும் 'கொண்டா'வும் பிரிங்கும் அச்சு அசல் ஒன்று.

ஆகவே தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் இரண்டாவது வினையை மட்டும் பார்த்தால் போதும். "பால் வாங்கிட்டு வா": வா இருக்கிறது, பிரிங். "குடையை எடுத்துட்டுப் போ": போ இருக்கிறது, டேக். "கட்டிலைத் தூக்கிட்டு வாங்க": பிரிங். "நாயைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க": டேக்கின் இறந்தகாலமான டுக். எடுத்தா வாங்கியா தூக்கியா என்பதை ஆங்கிலத்தில் கழற்றி வைத்துவிடலாம். வாங்குவது முக்கியம் என்றால் மட்டும் "பை சம் மில்க் ஆன் யுவர் வே ஹோம்" என்று தனியாகச் சொன்னால் ஆயிற்று.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். "குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா" என்பதில் கடைசியில் வா வருகிறது. ஆனால் அது திரும்பி வருவதைச் சொல்லும் வா. 'கூட்டிட்டு' என்பதோடு ஒட்டி நிற்பது போ. ஆகவே "டேக் த சைல்ட் டு த பார்க்". விடைபெறும்போது சொல்லும் "போயிட்டு வரேன்", யாழ்ப்பாணத்தில் "போட்டு வாறன்", இதே வகை. அதை "ஐ வில் கோ அண்ட் கம்" என்று ஆங்கிலமாக்கினால் நமக்கு இனிக்கும், வெளியூர்க்காரருக்கு எங்கே போய் எப்போது வரப்போகிறார் என்ற கேள்விதான் வரும்.

சுருக்கமாக: தமிழ் வாக்கியத்தில் சுமக்கும் வினையை அடுத்து வருவது வா என்றால் பிரிங், போ என்றால் டேக். 'எடு' என்ற சொல்லைக் கண்டதும் டேக்குக்குத் தாவக்கூடாது.

ஆட்களுக்கும் இதே சொற்கள்

தமிழில் பொருளைக் கொண்டு போவோம், ஆளைக் கூட்டிக்கொண்டு போவோம். "அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்" என்றால் கேட்பவர் பதறிப்போவார். நடக்க முடியாத நிலையோ என்று நினைப்பார். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. டிபன் பாக்ஸுக்கும் டேக், அம்மாவுக்கும் டேக். "ஐ டுக் மை மதர் டு த டாக்டர்" என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. அந்த டாக்டர் "பிரிங் ஹெர் பேக் நெக்ஸ்ட் வீக்" என்பார். அவருடைய மையம் அவருடைய அறை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லும்போது "ஐ ஹாவ் டு டேக் ஹெர் அகெய்ன் நெக்ஸ்ட் வீக்" என்று மாறிவிடும். டாக்டரின் பிரிங்கை அப்படியே வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது.

மையம் நாளைக்கும் தாவும், வீட்டிலும் குடியிருக்கும்

இதுவரை சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேலாளர் தன் வீட்டிலிருந்து உங்களுக்குச் செய்தி அனுப்புகிறார்: "பிளீஸ் பிரிங் த ஃபைல் டு த மீட்டிங் டுமாரோ." அவரும் மீட்டிங் அறையில் இல்லை, நீங்களும் இல்லை. அறையே பூட்டிக் கிடக்கிறது. பிறகு எப்படி பிரிங்?

அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் 1971இல் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் சுட்டு பற்றி நிகழ்த்திய உரைகளில், கம், கோ என்ற இரண்டு எளிய சொற்களை எடுத்து வைத்துக்கொண்டு இதைத்தான் பிரித்துக் காட்டினார். பேசும் நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்பது மட்டும் கணக்கல்ல. பேசப்படும் அந்த நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் பேசுபவரோ கேட்பவரோ எங்கே இருப்பார், இருந்தார் என்பதும் கணக்கு. நாளை மீட்டிங் நேரத்தில் மேலாளர் அங்கே இருப்பார். அதனால் அந்த அறை இப்போதே மையமாகிவிடுகிறது. மேலாளர் அந்த மீட்டிங்குக்கு வரப்போவதே இல்லை, உங்களை மட்டும் அனுப்புகிறார் என்றால் "டேக் த ஃபைல் டு த மீட்டிங்" என்பார். ஒரே ஒரு சொல்லை வைத்தே அவர் வருகிறாரா இல்லையா என்று ஊகித்துவிடலாம். செய்தியை இந்தக் கண்ணோடு படித்துப் பழகினால் நன்றாகப் பொழுதுபோகும்.

வீடு இன்னொரு விசேஷம். "நேத்து உங்க வீட்டுக்கு வந்தேன், நீங்க இல்லை" என்கிறோம். நான் இப்போது அங்கே இல்லை. நீங்கள் அப்போதும் அங்கே இல்லை. இருந்தும் 'வந்தேன்' சரியாக ஒலிக்கிறது. ஒருவருக்கு உரிய இடம் என்ற பாத்தியதையாலேயே வீடு மையமாகிவிடுகிறது என்பதை ஃபில்மோரும் குறிக்கிறார். "ஐ பிராட் த ஸ்வீட்ஸ் டு யுவர் பிளேஸ் எஸ்டர்டே, பட் யூ வேர் அவுட்" என்பதும் இதே கணக்கில்தான் சரியாகிறது.

ஒரு விருந்துக்குப் போவதாக இருந்தால் இதையெல்லாம் ஒரே நாளில் பயன்படுத்திவிடலாம். விருந்து கொடுப்பவரிடம் போனில் "ஷல் ஐ பிரிங் எனிதிங்?" என்று கேட்போம், அவர் வீடு, அவர் இடம். போனை வைத்துவிட்டு மனைவியிடம் திரும்பி "வாட் ஷல் வி டேக்?" என்று கேட்போம், அவரும் நாமும் நிற்பது நம் வீட்டில். இரண்டு கேள்விக்கும் நடுவில் மாறியது கேட்கிற காது மட்டும்தான். விருந்து கொடுப்பவரிடமே "ஐ வில் டேக் எ கேக் டு யுவர் ஹவுஸ்" என்று சொன்னால், அவரோடு பேசாமல் அவரைப் பற்றி வேறு யாரிடமோ பேசுவது போல் இருக்கும்.

யார் பக்கம் நின்று எழுதியிருக்கிறார்கள்?

அறிவிப்புகளிலும் படிவங்களிலும் சுட்டு மையம் ஒளிந்திருக்கும். தேர்வு அறிவுறுத்தல்களில் "கேண்டிடேட்ஸ் ஷுட் பிரிங் த ஹால் டிக்கெட்" என்று இருந்தால் அதை எழுதியவர் தேர்வுக்கூடத்தின் பக்கம் நிற்கிறார். முந்தைய இரவு மாணவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் பட்டியலுக்குத் தலைப்பு "திங்ஸ் டு டேக்". உணவகத்து வாசலில் 'டேக்அவே' என்ற பலகை கடைக்கு உள்ளிருந்து பார்த்து எழுதியது. சாப்பாடு கடையை விட்டுப் போகிறது. நம் ஊரில் 'பார்சல்' என்று சொல்லி திசைத் தகராறே இல்லாமல் முடித்துக்கொண்டோம்.

இதில் மிகக் கனமான உதாரணம் இந்திய மருத்துவமனைப் பதிவேடுகளில் இருக்கிறது. விபத்தில் சிக்கியவர் வந்து சேர்வதற்கு முன்பே உயிர் பிரிந்திருந்தால் 'பிராட் டெட்' என்று எழுதுவார்கள். உறவினர்கள் நடந்ததைச் சொல்லும்போது "வி டுக் ஹிம் டு த ஹாஸ்பிடல்" என்பார்கள். பதிவேடு மருத்துவமனையின் கதவருகே நின்று பார்க்கிறது. அதற்குத் தெரிந்தது அவர் கொண்டுவரப்பட்டார் என்பது மட்டும். குடும்பமோ வீட்டிலிருந்து புறப்பட்ட நிமிடத்திலிருந்து பார்க்கிறது. இரண்டுமே ஒரே பயணத்தைப் பற்றியவை.

கதை எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. படர்க்கையில் கதை சொல்லும்போது பேசுபவர், கேட்பவர் என்று இருவரும் கதைக்குள் இல்லை. எந்தப் பாத்திரத்தோடு நிற்பது என்று எழுத்தாளர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒரு பெண் அறையில் தனியாக இருக்கிறாள், வேலையாள் தேநீரோடு நுழைகிறான். "ஹி பிராட் ஹெர் டீ" என்றால் வாசகர் அவளோடு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார். "ஹி டுக் ஹெர் டீ" என்றால் சமையலறையிலிருந்து அவனோடு நடந்து வருகிறார். கேமராவை எங்கே வைப்பது என்பதை ஒரு வினைச்சொல் முடிவு செய்துவிடுகிறது. தமிழிலும் 'கொண்டு வந்தான்', 'கொண்டு போனான்' இதையே செய்யும்.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: மையம் என்பது உடம்பு இப்போது நிற்கும் இடம் மட்டுமல்ல. நாளை நிற்கப்போகும் இடமாகவும், ஒருவரின் வீடாகவும், கதையில் நாம் பக்கம் சாய்ந்திருக்கும் பாத்திரமாகவும் அது இருக்கலாம்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

கேரி என்பதற்குத் திசையே கிடையாது. சுமப்பதை மட்டும் சொல்லும். "ஆல்வேஸ் கேரி யுவர் ஐடி கார்டு" என்றால் எப்போதும் கையோடு இருக்கட்டும் என்று பொருள். வரவா போகவா என்று தெரியாமல் கேரியில் ஒதுங்குபவர்கள் நிறைய. பிழையாகாது, ஆனால் சொல்ல வந்தது பாதி நின்றுவிடும்.

ஃபெட்ச் என்பது போய், எடுத்து, திரும்பி வருவது. முழு வட்டம். அன்றாடப் பேச்சில் அந்த வேலையை கெட் செய்துவிடுகிறது: "கேன் யூ கெட் மீ சம் வாட்டர்?" உட்கார்ந்திருப்பவரைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லும்போது பிரிங்கைவிட இதுதான் அதிகம் காதில் விழும்.

டேக் எ டேப்லெட், டேக் எ பஸ், இட் டேக்ஸ் டூ அவர்ஸ் போன்றவற்றில் இடம்விட்டு இடம் சுமக்கும் வேலையே இல்லை. பிரிங் அங்கே போட்டிக்கு வராது.

இறந்தகாலத்தில் ஒரு பொறி உண்டு. பிரிங்கின் இறந்தகாலம் பிராட். வாங்குவதைக் குறிக்கும் பையின் இறந்தகாலம் பாட். நடுவில் ஒரே ஒரு ரகரம். "ஐ பாட் மை பிரதர் டு த பார்ட்டி" என்று வேகமாகச் சொல்லிவிட்டால் தம்பியைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். எழுதும்போதும் இந்த ரகரத்தை விழுங்கிவிடுபவர்கள் அதிகம், ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்கள் உட்பட.

வெள்ளைக்காரர்களே மாற்றித்தான் பேசுகிறார்களா?

சிலர் ஆமாம். அயர்லாந்து ஆங்கிலத்தில், மற்றவர்கள் டேக் சொல்லும் பல இடங்களில் பிரிங் வரும். டப்ளினில் ஒருவர் தன் வீட்டில் நின்றுகொண்டே "ஐ வில் பிரிங் ஹிம் டு தி ஏர்போர்ட்" என்று சொன்னால் அவருடைய ஊர் வழக்கப்படி அது சரி. நியூயார்க் பக்கத்திலும் இப்படி பிரிங்கை அகலமாகப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து ஆங்கிலம் பழகுகிறவர்களுக்குக் குழப்பம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் இந்தத் தாராளம் ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது. டேக் வர வேண்டிய இடத்தில் பிரிங் வந்தால், கேட்பவர் அதை ஒரு வட்டாரப் பேச்சாக எடுத்துக்கொண்டு தாண்டிவிடுவார். பிரிங் வர வேண்டிய இடத்தில் டேக் வந்தால் அப்படி நடக்காது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு சர்வரிடம் "டேக் மீ எ கிளாஸ் ஆஃப் வாட்டர்" என்றால், அவர் ஒரு நொடி நின்று, என்ன கேட்கிறார் என்று முகத்தைப் பார்ப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது எது என்று பிடிபடாமல் நாக்கு நின்றுவிட்டால், பிரிங்கைச் சொல்லிவிட்டு மேலே போவது நல்லது. எழுதும்போது அந்த அவசரம் இல்லை. தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, வாவா போவா என்று பார்த்துக்கொள்ளலாம்.